மூன்றாம் வகுப்பின் காற்று

பள்ளி திறந்து மூன்று நாளும் ஐந்து மணி நேரமும் ஆகியிருந்தன. மூன்றாம் வகுப்பில் சலேத்மேரி என்ற சிறுமி கரும்பலகையைப் பார்த்தபடியே சரிந்து விழுந்தாள். அரை மணிக்குள் இன்னும் பத்துப் பேர் விழுந்தார்கள். துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த உப்பு லாரி ஒன்றை மறித்து, மூட்டைகளின் மேல் குழந்தைகளைக் கிடத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் 'வெப்ப மயக்கம்' என்று எழுதினார். எழுதி முடிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

1975 ஜூன் மாதம். மேற்கேயிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று தூத்துக்குடித் தெருக்களில் அனலாக வீசிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியில் மின்விசிறி கிடையாது. மறந்து விட்டதல்ல, வேண்டுமென்றே வைக்காதது. மின்வெட்டு நீண்டுகொண்டே போன காலத்தில், மின்சாரம் இல்லாமலே குளுமையாக இருக்கும்படி ஓர் இளம் இன்ஜினியர் அதைக் கட்டியிருந்தார்.

கட்டடத்துக்குக் கூரை இரண்டு. கீழே ஓர் உள்கூரை. அதற்கு மேல் இடுப்பளவு இடைவெளி விட்டு ஓட்டுக்கூரை. இடைவெளியின் இரண்டு முனைகளிலும் துளை வைத்த செங்கல் சுவர். வெயில் ஓடுகளைச் சுடும். இடைவெளியில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வகுப்பின் மூலையிலும் உள்கூரையில் கம்பிவலை போட்ட ஒரு துவாரம் உண்டு. அறையில் சேரும் சூடு அதன் வழியே மேலேறி வெளியே போகும். அனல் உள்ளே வராமல் இருக்கப் பதினொரு மணிக்கு மேற்குச் சன்னல்களை மூட வேண்டும். நிழல் விழும் வடக்குச் சன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். இதை அவர் வாசல் சுவரில் பெயிண்டால் எழுதியும் வைத்தார். பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார்.

போன ஆண்டு முழுவதும் அந்தப் பள்ளியில் ஒரு குழந்தையும் மயங்கவில்லை. அதை இப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கூட்டம் ஓடிவந்தபோது மேற்குச் சன்னல்கள் மூடியிருந்தன. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். மூடியவள் ஆறுமுகத்தாய். பள்ளியைக் கூட்டிப் பெருக்கி, குடிதண்ணீர் எடுத்து வைப்பவள். புழுக்கத்தில் சன்னலை அடைத்துப் பதினொரு குழந்தைகளைக் கொல்லப் பார்த்தாள் என்று புகார் எழுதப்பட்டது. எழுதியவர் தலைமையாசிரியர் அருமைநாயகம். சுவரில் இருந்த எழுத்து அவர் நாற்காலியிலிருந்து நான்கடி தூரத்தில் இருந்தது.

பள்ளிக் கமிட்டியின் தலைவர் செந்தூர்பாண்டி கப்பலுக்கு இலையும் வத்தலும் ஏற்றுகிற வியாபாரி. அவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"காத்தே நுழையாத கட்டடம். நான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா? திங்கக்கிழமை கமிட்டி கூடட்டும். அந்தப் பொம்பள வேலையும் போவும், இந்தக் கூத்தும் முடியும். மூணு வகுப்புக்கும் ஃபேன் மாட்டிருவோம்."

குழந்தைகளின் தாய்மார்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் சன்னலுக்கு வெளியே சலேத்மேரியின் அம்மா பிலோமி நின்றாள். உள்ளே இருந்தவள் ஜெயபாய். பார்மசி படித்தவள். ஊர் அவளைக் கம்பவுண்டரம்மா என்று அழைத்தது. வரிசையில் நிற்பவர்களிடம் அவள் பேசும் பேச்சு பெரும்பாலும் "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பதோடு முடிந்துவிடும்.

"டாக்டர்ட்ட சொன்னா சிரிக்காரு. நீங்களாவது பாருங்க" என்று பிலோமி ஒரு சின்னப் பாவாடையை நீட்டினாள். "பிள்ளைக்கு ரத்தம் போவுது."

ஈரத்துணியில் சிவப்பாக ஒரு கறை.

"துவைக்கறதுக்கு முன்னாலயும் செவப்பா இருந்துச்சா?"

"இல்லம்மா. மஞ்சளாத்தான் இருந்துச்சு. சோடா மாவுத் தண்ணியில முக்குனேன், சடார்னு செவந்துட்டு. பயந்துபோய் அப்படியே கொண்டாந்துட்டேன்."

ஜெயபாய் வரிசையைக் காக்க வைத்தாள். இதுவரை அவள் அப்படிச் செய்ததில்லை. மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தை அரிந்து கறையின் மேல் பிழிந்தாள். சிவப்பு மங்கி மஞ்சளானது. மறுபடி சோடாக் கரைசலைத் தொட்டு வைத்தாள். மறுபடி சிவந்தது.

"இது ரத்தம் இல்லக்கா. ரத்தம் இப்படி மாறாது."

"அப்ப என்னது?"

"பிள்ளைக்கு வயிறு எப்பலருந்து சரியில்ல?"

"செவ்வாக்கெழமைலருந்து போயிட்டேதான் இருக்கா. மாங்காய் தின்னுருப்பான்னு ரெண்டு அடி போட்டேன். அவ திங்கவே இல்லன்னா."

ஜெயபாய் வார்டுக்குப் போனாள். பதினொரு கட்டில். ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்வி. ஒரு தாய் நுங்கு என்றாள். ஒருத்தி கல்யாண வீட்டுச் சாப்பாடு என்றாள். ஒருத்தி பழைய இறால் என்றாள். ஆளுக்கொரு காரணம் இருந்தது. நாள் மட்டும் எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமை. தன் பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒவ்வொருத்தியும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தாள். பிள்ளைகள் அடியும் வாங்கியிருந்தார்கள்.

டாக்டரிடம் சொன்னாள். "எழுதியாச்சும்மா" என்றார் அவர்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலை அவள் இரண்டு முறை கடந்து போய்த் திரும்பி வந்தாள். மூன்றாம் முறை உள்ளே நுழைந்தாள். சப் இன்ஸ்பெக்டர் எஸ்றா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன கம்பவுண்டரம்மா, ஊசி போட ஸ்டேஷனுக்கே வந்துட்டியளா?"

"செவ்வாய்க்கிழமை" என்றாள் அவள், மேசையைப் பார்த்து.

"என்ன செவ்வாய்க்கிழமை?"

"பிள்ளைங்க விழுந்தது வியாழக்கிழமை. பேதி ஆரம்பிச்சது செவ்வாய்க்கிழமை. சன்னலை மூடினா பேதி ஆகாது சார். பேதிக்குக் கொடுக்கிற ஏதோ ஒண்ணு அவங்க வயித்துக்குள்ள போயிருக்கு. ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது பள்ளிக்கூடத்துச் சோறு. ஆனா அது மூணு வகுப்புக்கும் ஒரே அண்டாவுல வேகுது. மூணாம் வகுப்புக்குன்னு தனியா இருக்கிறது தண்ணிப்பானை மட்டும்தான்."

எஸ்றா பேனாவை மூடினார்.

"தண்ணி எடுத்து ஊத்துனது யாரு?"

அவர் புகார்த் தாளைப் புரட்டினார்.

"ஆறுமுகத்தாய்தானே? இதுவரைக்கும் அலட்சியம்னுதான் இருந்துச்சு. நீங்க சொல்லுதத வச்சுப் பாத்தா, விஷம் வச்சான்னு ஆகுது. நான் அவளை இன்னைக்கே உள்ள வைக்கணும்."

ஜெயபாய்க்கு அப்போதுதான் உறைத்தது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை மட்டும்தான் போயிருக்கும்.

"அவளை உள்ள வைக்க ரெண்டு நாள் பொறுக்கலாமா சார்? பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பாக்கணும்."

"திங்கக்கிழமை வரைக்கும்தான்" என்றார் எஸ்றா.

சனிக்கிழமை பிற்பகல். வியாழக்கிழமை அடித்த அதே வெயில், அதே கச்சான். மூன்றாம் வகுப்பில் எலக்ட்ரிக் காண்டிராக்டர் செல்லப்பாண்டி மேசை மேல் ஏறி நின்று உள்கூரையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார்.

"கமிட்டி திங்கக்கிழமைதானவே கூடுது. நீரு சனிக்கிழமையே அளக்கீரு?" என்று கேட்டபடி எஸ்றா ஜெயபாயோடு உள்ளே வந்தார்.

"சார், நான் ஃபேன் மாட்டுற ஆளு. பிள்ளைங்கள மயங்க வைக்கிற ஆளு இல்ல. அளந்தா குத்தமா?"

"எறங்கும்."

எஸ்றா மேற்குச் சன்னல்களைத் தன் கையாலேயே மூடினார். வடக்குச் சன்னல்கள் திறந்திருந்தன. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அரை மணி போயிற்று. எஸ்றா காலரைத் தொட்டுப் பார்த்தார்.

"வேர்க்கல."

"அதே சன்னல் சார். அதே மாதிரி மூடியிருக்கு. அன்னைக்கு இந்த அறை வெந்துச்சுன்னா இன்னைக்கும் வேகணும்."

"அன்னைக்கு இருந்த ஏதோ ஒண்ணு இன்னைக்கு இல்லங்கிறிய."

அவள் தலையசைத்தாள். மூலைக்குப் போனாள். கம்பிவலைத் துவாரத்துக்கு நேர் கீழே மண்பானை இருந்தது. மேலேறும் காற்றோட்டத்தில் பானை சில்லென்று இருக்கும் என்பதால் அந்த இடத்தில் வைத்திருந்தார்கள். பானை கழுவப்பட்டுக் காலியாக இருந்தது. அதன் வாயில் புதுத்துணி வேடு கட்டியிருந்தது. காலராவுக்குப் பயந்து, எந்தத் தண்ணீரையும் துணி வழியாகத்தான் பானைக்குள் ஊற்ற வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி.

பின்புறம் ஏணி வைத்து இருவரும் கூரை இடைவெளிக்குள் ஏறினார்கள். நல்ல நிழல். காற்று முகத்தில் அடித்து ஓடியது. மேலே விட்டங்களில் ஒரு வருடத்துப் புழுதியும் குருவி எச்சமும் அப்பியிருந்தன. முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் தரையிலும் அப்படியே. மூன்றாம் வகுப்புக்கு மேல் மட்டும் தரை பளிச்சென்று இருந்தது.

"கல்யாணத்துக்குப் பெருக்குன மாதிரில்ல இருக்கு" என்றார் எஸ்றா.

கீழே தலைமையாசிரியர் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான்.

"மேல யாரு பெருக்குனது சார்வாள்?"

"எனக்குத் தெரியாது. லீவு முழுக்க நான் ஊருல, நாசரேத்துல இருந்தேன். திறக்கிற அன்னைக்குத்தான் வந்தேன்."

"பானைத்துணி புதுசா இருக்கே?"

"பழசு அழுக்காயிட்டு. தூரப் போடச் சொன்னேன்."

"எப்ப?"

"வியாழக்கிழமை சாயங்காலம்."

எஸ்றா அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பதினொரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்த சாயங்காலம் அது.

தெருக்குழாயடியில் ஆறுமுகத்தாய் இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாக நின்றாள். போலீஸைப் பார்த்ததும் குடங்களை இறக்கினாள்.

"இன்னும் என்ன சார் கேக்கணும்? மூடுன்னு எழுதியிருக்கு, மூடுனேன். எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த இன்ஜினியரு படிச்சுச் சொல்லித் தந்தாரு."

"பானையில என்ன போட்ட?"

"தண்ணி."

"வேற?"

"வேற என்ன போடுவேன்? எம் பேரனும் அந்த வகுப்புலதான் சார் இருக்கான். நாலாவது கட்டில்."

எஸ்றா ஓர் அடி தள்ளி நின்றார். ஜெயபாய் முன்னால் வந்தாள்.

"காலையில தண்ணி ஊத்தும்போது துணியில ஏதாவது கிடந்துச்சா?"

"பச்சையா தூசி கெடந்துச்சும்மா. கச்சான் அடிச்சா எல்லாத் தூசியும்தான் வரும். அதுக்குத்தான துணி? தூசி துணியில நிக்கும், தண்ணி உள்ள போவும். நாலு நாளும் அப்படித்தான் ஊத்துனேன்."

"அந்தத் துணியைத் தூரப் போட்டுட்டீங்களா?"

"நல்ல துணிய எவளாவது போடுவாளா?" என்று சொல்லி, குடத்துக்கு அடியில் தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டை எடுத்து உதறினாள்.

காடாத்துணி. நடுவில் தட்டளவுக்குப் பழுப்புப் பச்சைக் கறை. மடிப்பில் நொறுங்கிய இலைத்துணுக்குகள் இரண்டு மூன்று ஒட்டியிருந்தன.

ஜெயபாய் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, மூன்றாம் வகுப்பு. குழந்தைகளின் பெஞ்சுகளில் கமிட்டியார் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். செந்தூர்பாண்டி நாற்காலியில். அருமைநாயகம் கரும்பலகை ஓரம். ஆறுமுகத்தாய் வாசலுக்கு வெளியே. உள்ளே வரச்சொல்லி அவளை யாரும் அழைக்கவில்லை. எஸ்றா அழைத்தார்.

"கம்பவுண்டரம்மா சொல்லட்டும். மெதுவாப் பேசுவாங்க. நீங்கதான் அமைதியா இருக்கணும்."

ஜெயபாய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, துணியின் கறைப்பகுதியை அதில் பிழிந்தாள். தண்ணீர் மஞ்சளானது. சோடா மாவை ஒரு சிட்டிகை போட்டாள். கிண்ணம் சிவந்தது.

"சலேத்மேரியோட பாவாடையிலயும் இதே நிறம்தான் வந்துச்சு. இது நிலாவாரை இலை. பேதிக்குக் கொடுக்கிறது. மேலே இந்தத் துவாரத்துலருந்து இலைத்தூசி ராத்திரியெல்லாம் துணியில விழுந்திருக்கு. காலையில அது மேல ஒவ்வொரு குடமாத் தண்ணி ஊத்தியிருக்காங்க. காபிக்கு வடிகட்டுற மாதிரி, இலையோட சத்து பூரா தண்ணியோட இறங்கிருச்சு. பானைக்குள்ள தேடினா ஒரு இலைகூடக் கிடைக்காது. சுத்தமான தண்ணிதான் கொடுக்கிறோம்னு நினைச்சுக் கொடுத்தது அது."

"அப்ப சூடு?" என்றார் கமிட்டியார் ஒருவர்.

"கூரை இடைவெளியில இலையைப் பரப்பியிருந்தாங்க. துவாரம் அடைபட்டுச்சு. அறையிலருந்து சூடு மேலேற வழியில்ல. சூடு பூரா அறையிலேயே நின்னுச்சு. மூணு நாளாப் பேதியாகி உடம்புல தண்ணி வத்துன பிள்ளைங்க. வியாழக்கிழமை தாங்கல. அன்னைக்கு ராத்திரியே இலையை எடுத்துட்டுப் பெருக்கிட்டாங்க. அதனாலதான் சனிக்கிழமை இந்த அறை குளுந்துபோச்சு."

"இலையை எதுக்கும்மா அங்க வைக்கணும்?"

ஜெயபாய் முதன்முறையாகச் செந்தூர்பாண்டியை நேராகப் பார்த்தாள்.

"நிலாவாரையை வெயில்ல போட்டா வெளுத்துப்போகும், வெளிநாட்டுக்காரன் வாங்கமாட்டான். காத்தில்லாத குடோன்ல போட்டா பூசணம் பிடிக்கும். நிழலும் வேணும், விடாத காத்தும் வேணும். இந்த ஊருல அது ரெண்டும் ஒண்ணாக் கிடைக்கிற இடம் இந்தக் கூரைதான். இதைக் கட்டுன இன்ஜினியருக்கு அடுத்தபடியா இதோட அருமை தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான். காத்தே நுழையாத கட்டடம்னு அண்ணாச்சி ஆஸ்பத்திரியில சொன்னிய. உங்க இலைக்கு மட்டும் காத்து நல்லாத்தான் வந்திருக்கு."

சுவரோரம் குழந்தைகளின் தாய்மார்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் பிலோமி, "ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தாரே" என்றாள். அவள் குரலில் நன்றி இல்லை.

செந்தூர்பாண்டி சிரித்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"நல்லாப் படிச்சிருக்கியம்மா. தூத்துக்குடியில இலை யாவாரி நான் ஒருத்தன்தானா? குடோனு குடோனா வச்சிருக்கான். ஏறுனது என் இலைதான்னு அதுல பேரா எழுதியிருக்கு? ஏறுறதப் பாத்தவன் எவன்? லீவுல பூட்டிக் கெடந்த பள்ளிக்கூடம். எஸ்.ஐ. சார், துணிய பிழிஞ்சு கேசு நடத்தப்போறியளா? கோர்ட்டுல சிரிப்பான்."

எஸ்றா பல்லைக் கடித்தார். செந்தூர்பாண்டி சொன்னதில் பொய் இருந்தது. ஆனால் சட்டப்படி அதை மறுக்க வழியில்லை.

"சாட்சி இல்லன்னா," என்றார் எஸ்றா மெதுவாக, "பானையில தண்ணி ஊத்துன கைதான் கேசுல நிக்கும். எனக்கு வேற வழியில்ல." அவர் ஆறுமுகத்தாயைப் பார்க்கவில்லை.

ஜெயபாயின் முகம் சிவந்தது. இலை ஏற்றினவன் நாற்காலியில் இருக்கிறான். கட்டடம் கட்டினவனுக்கு மாற்றல். விதிப்படி சன்னலை மூடி, விதிப்படி துணி கட்டித் தண்ணீர் ஊற்றினவளுக்கு விலங்கு. அவள் குரல் இப்போது மெதுவாக இல்லை.

"சாட்சி இருக்கு. இந்தத் துணியைத் தூரப் போடச் சொன்னது வியாழக்கிழமை சாயங்காலம். அப்ப டாக்டரே சூடுன்னு எழுதியிருந்தாரு. தண்ணியைப் பத்தி ஊருல ஒருத்தரும் பேசல. வெள்ளிக்கிழமை காலையிலதான் எனக்கே தெரியும். துணியில என்ன இருக்குன்னு வியாழக்கிழமையே தெரிஞ்சவர் ஒருத்தர் இந்த அறையில இருக்காரு."

எல்லாத் தலைகளும் கரும்பலகை பக்கம் திரும்பின.

"சார்வாள், ஒங்களுக்கு என்னவே தலையெழுத்து? பேசாம இரும்" என்றார் செந்தூர்பாண்டி. சிரிப்பு அப்படியே இருந்தது.

அருமைநாயகம் தன் கழுத்துப் பொத்தானைத் தொட்டார்.

ஆறுமுகத்தாய் அவர் முன்னால் போய் நின்றாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை.

"பழைய பள்ளிக்கூடத்துலருந்தே பதினாலு வருசமா ஒங்களுக்குத் தண்ணி எடுத்து வைக்கேன். நான் சன்னல மூடுனது தப்புன்னு எழுதுனியளே. அது தப்பில்லன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்வாள்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு எஸ்றாவைப் பார்த்தார். பேச ஆரம்பித்தபோது, வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய அந்தக் குரல் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

"தெரியும். லீவுல நான் நாசரேத்துக்குப் போகல. கப்பல் வார வரைக்கும் பத்து நாள்தான்னு அண்ணாச்சி கேட்டாரு. அவரு ஆளுங்க மூட்டையை மேல ஏத்துனாங்க. ஏணியைப் பிடிச்சிட்டு நின்னவன் நான்."